யானையைக் கொடுத்து ராஜாவைப் பிடிப்பது

(நமது குடியிருப்பில் கோடை விடுமுறையில் நடந்த சிறுவர் செஸ் பயிற்சியின் நிறைவு நாளன்று சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க பேங்க் கிளார்க். படித்தது பி.காம். ஆகவே நான் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் பற்று, வரவில் வந்துதான் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பேசப்போவது செஸ்ஸில் காயைத் தெரிந்தே கொடுத்து ஆடுவது பற்றி. ஆங்கிலத்தில் ‘சாக்ரிஃபைஸ்’ என்பார்கள். இதைப் பேசக் காரணம் நம் போட்டியில் இருக்கும் ஒரு விதி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பிள்ளைகளின் போட்டியில் ஒரு ஆட்டத்துக்கு முப்பது நிமிடம். அதற்குள் முடியாவிட்டால் பலகையில் மிச்சம் இருக்கும் காய்களுக்குப் பாயிண்ட் போட்டு எண்ணி, அதிகம் உள்ளவருக்கு வெற்றி என்று அறிவிக்கிறோம். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 9. நடத்துபவர்களுக்குச் சுலபம், சண்டை சச்சரவும் வராது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த விதி பிள்ளைகளின் ஆட்டத்தை என்ன செய்கிறது என்று இந்த ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் காயைச் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு சிப்பாய் அதிகம் கிடைத்துவிட்டால் போதும், மீதி நேரத்தை ஓட்டிவிடுகிறார்கள். எதிராளியின் ராஜாவைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பே போய்விடுகிறது. பின்னால் நிற்கும் பெற்றோரும் “ஐயோ, யானையை விட்டுட்டியே” என்கிறோம். பிள்ளை தெரிந்துதான் விட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த 1, 3, 5, 9 என்பது என்ன? எங்கள் பாஷையில் சொன்னால் புத்தக மதிப்பு. லெட்ஜரில் எழுதியிருக்கும் விலை. சராசரியாகப் பார்த்தால் சரியான விலைதான், அதை மறந்து ஆடினால் பத்து ஆட்டத்தில் ஒன்பதில் தோற்போம். ஆனால் புத்தக மதிப்பு வேறு, இந்த நிமிஷம் அந்தப் பொருள் செய்யும் வேலை வேறு. நம் பரவை மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்பவரைக் கேளுங்கள். விடிவதற்கு முன் ஒரு பெட்டி தக்காளிக்கு ஒரு விலை, வெயில் ஏறிய பிறகு அதே பெட்டிக்கு வேறு விலை. தக்காளி அதேதான். நேரமும் இடமும் மாறிவிட்டது. செஸ் காய்க்கும் அப்படித்தான்.

காயைக் கொடுத்து ஆடுவது நமக்குப் புதிதும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் திண்ணையிலும் கோயில் மண்டபத் தரையிலும் கோடு கீறி ஆடிய ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம், ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. பிறகு ஆடு எப்படி ஜெயிக்கும்? புலிக்கு நகர இடமில்லாமல் சுற்றிக் கட்டினால் ஜெயிக்கும். நன்றாக ஆடுகிறவர் ஒரு ஆட்டை வேண்டுமென்றே புலியின் முன்னால் வைப்பார். புலி தாண்டி வெட்டிவிட்டு ஒரு மூலையில் போய் விழும். அங்கிருந்து அது வெளியே வர முடியாதபடி மற்ற ஆடுகள் அடைத்துக்கொள்ளும். ஒரு ஆடு போயிற்று, ஒரு புலி கட்டுப்பட்டது. செஸ் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை நம் பாட்டிகள் புளியங்கொட்டையை வைத்து ஆடிக் காட்டியிருக்கிறார்கள்.

செஸ்ஸில் இப்படிக் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ருடால்ஃப் ஸ்பீல்மன் என்ற ஆட்டக்காரர் 1935-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதி, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, கொடுப்பது போன்ற பாவனை. ராணியைக் கொடுக்கிறோம், மூன்றாவது நகர்த்தலில் மேட். அல்லது யானையைக் கொடுக்கிறோம், நாலாவது நகர்த்தலில் ராணி கிடைக்கிறது. இது ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. முதிர்வுத் தேதியும் தெரியும், கைக்கு வரும் தொகையும் தெரியும். இதற்குத் தைரியம் தேவையில்லை, கணக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, உண்மையாகவே கொடுப்பது. கொடுத்த காய் எப்போது திரும்பி வரும், வருமா வராதா என்பதைக் கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது பலகையில் நல்ல நிலை. காய்களுக்குத் திறந்த வழி, எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் ஓட்டை, நம் குதிரைக்கு யாரும் விரட்ட முடியாத ஒரு கட்டம், இப்படி ஏதோ ஒன்று. இது விதைநெல் மாதிரி. மண்ணில் போட்ட அன்றைக்கு வீட்டில் நெல் குறைந்துதான் இருக்கும்.

இப்போது ஒரு ஆட்டத்தைப் பார்ப்போம். பிள்ளைகளே, வீட்டுக்குப் போனதும் பலகையை வைத்து இதை ஆடிப் பாருங்கள்.

2013 ஜனவரி. நெதர்லாந்தில் வைக் ஆன் ஜீ என்ற கடற்கரை ஊர். அங்கே வருஷா வருஷம் நடக்கும் டாட்டா ஸ்டீல் போட்டி. வெள்ளைக் காய்களுடன் ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியன், அப்போது உலகத் தரவரிசையின் முன்வரிசையில் இருந்தவர். கருப்புக் காய்களுடன் நம் விஸ்வநாதன் ஆனந்த். அப்போது அவருக்கு 43 வயது, உலகச் சாம்பியன்.

பதின்மூன்றாவது நகர்த்தலில் ஆரோனியனின் குதிரை ஆனந்தின் ராஜா வீட்டு வாசலுக்கே வந்து எச்7 கட்டத்துச் சிப்பாயை எடுத்துவிட்டது. அங்கிருந்தே எஃப்8-இல் இருக்கும் யானையையும் குறி வைக்கிறது. நம்மில் யாராக இருந்தாலும் முதலில் யானையை நகர்த்தியிருப்போம். ஆனந்த் யானையைத் தொடவில்லை. தன் குதிரையை ஜி4-க்குக் கொண்டுபோய் ஆரோனியன் ராஜாவின் பக்கத்தில் நிறுத்தினார்.

பதினைந்தாவது நகர்த்தலில் தன் மந்திரியை சி5-இல் வைத்தார். அங்கே அதை ஒரு சாதாரணச் சிப்பாய் வெட்டலாம். பதினாறாவது நகர்த்தலில் இன்னொரு குதிரையை இ5-இல் வைத்தார். அதையும் சிப்பாய் வெட்டலாம். அந்த நிமிஷத்தில் பலகையைப் பாருங்கள். சி5-இல் மந்திரி, இ5-இல் குதிரை, ஜி4-இல் குதிரை, எஃப்8-இல் யானை. ஆனந்தின் நாலு காய்கள் ஒரே சமயத்தில் எதிராளி எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் நிற்கின்றன. ‘எது வேண்டுமோ எடுத்துக்கொள்’ என்று கடையைத் திறந்து வைத்த மாதிரி.

எடுத்தால் என்ன ஆகும்? ஒன்றை மட்டும் சொல்கிறேன். இ5 குதிரையை எஃப் வரிசைச் சிப்பாயால் வெட்டினால், கருப்பு ராணி டி4-க்கு வந்து செக். ராஜா மூலைக்கு ஓடினால், ராணி ஜி1-க்கே போய்த் தன்னைக் கொடுக்கும். சி5 மந்திரியின் காவல் இருப்பதால் ராஜாவால் அதை எடுக்க முடியாது, யானைதான் எடுத்தாக வேண்டும். எடுத்ததும் குதிரை எஃப்2-வில் குதித்து மேட். ராஜா தன் சொந்தக் காய்களுக்கு நடுவிலேயே மூச்சுமுட்டிப் போகும்.

ஆரோனியன் அந்தக் குழியில் விழவில்லை. ஜி4 குதிரையை எடுத்தார். சில நகர்த்தல்களுக்குப் பிறகு எஃப்8 யானையையும் எடுத்தார். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். யானையை வெட்டிய குதிரை ராஜாவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ராஜாவாலேயே அதை எடுக்கலாம். ஆனந்த் எடுக்கவில்லை. பத்தொன்பதாவது நகர்த்தலாக ஒரு சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளினார். செக் இல்லை, வெட்டு இல்லை, அமைதியான நகர்த்தல். ஆரோனியனின் ராணி கருப்பு ராஜாவைப் பார்க்கும் கோணப் பாதையை அது அடைத்தது. தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் தாக்குதலுக்குப் போனார். அந்தக் குதிரையை இரண்டு நகர்த்தல் கழித்து நிதானமாக ராணியால் எடுத்துக்கொண்டார்.

இருபத்து மூன்றாவது நகர்த்தலில் ஆனந்த் தன் மந்திரியை இ3-இல் வைத்தார். ஆரோனியனின் ராணி அந்த வரிசை வழியாகத்தான் எச்3-ஐக் காவல் காத்துக்கொண்டிருந்தது. மந்திரி குறுக்கே வந்து நின்றதும் காவல் போயிற்று. ஆரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்.

இப்போது நம் போட்டி விதிப்படி எண்ணிப் பார்ப்போம். ஆட்டம் நின்றபோது வெள்ளையிடம் ஒரு ராணி, இரண்டு யானை, ஒரு மந்திரி, ஒரு குதிரை, ஐந்து சிப்பாய். 9, 10, 3, 3, 5. மொத்தம் 30. கருப்பிடம் ஒரு ராணி, ஒரு யானை, இரண்டு மந்திரி, ஒரு குதிரை, ஐந்து சிப்பாய். 9, 5, 6, 3, 5. மொத்தம் 28. நம் சமுதாயக் கூடத்தில் இந்த ஆட்டம் நடந்து, அந்த நொடியில் மணி அடித்திருந்தால் ஆரோனியனுக்குக் கோப்பை கொடுத்து அனுப்பியிருப்போம். சமீப கால ஆட்டங்களில் மிக அழகானவை என்று பட்டியல் போட்டால் பலரும் சேர்க்கும் ஆட்டம் அது!

30 வைத்திருந்தவர் 28 வைத்திருந்தவரிடம் ஏன் தோற்றார்? விடை வெள்ளையின் கடைசி வரிசையில் இருக்கிறது. ஏ1 மூலையில் ஒரு யானை, சி1-இல் ஒரு மந்திரி. ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை அந்த இரண்டும் ஒரு கட்டம்கூட நகரவில்லை. எட்டுப் பாயிண்ட் சொத்து அப்படியே லாக்கரில் கிடந்தது. லாக்கரில் நூறு பவுன் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டச் சொன்னால் அந்த நூறு பவுன் உதவாது, சட்டைப் பையில் இருக்கும் பணம்தான் உதவும். ராஜாவைச் சுற்றி நடக்கும் சண்டையில் யார் யார் கலந்துகொண்டார்கள் என்று எண்ணுங்கள். கருப்புக்கு ராணி, இரண்டு மந்திரி, ஒரு குதிரை என்று நாலு பேர். வெள்ளைக்கு ராணியும் எஃப்1 யானையும், ஆக இரண்டு பேர். அந்தத் தெருவில் ஆனந்துக்குத்தான் ஆள் பலம்.

நிலைக்காகக் காயைக் கொடுப்பதன் சாரம் இதுதான். எதிராளி வாங்கிக்கொண்ட காயை அவர் உபயோகிக்க நேரம் கிடைக்கக் கூடாது. அவர் வாங்கி எண்ணி முடிப்பதற்குள் நம் வேலை முடிய வேண்டும்.

ஆனந்த் இதையெல்லாம் அங்கே உட்கார்ந்து திடீரென்று கண்டுபிடித்தார் என்று நினைக்க வேண்டாம். முக்கியமான வழியை முன்பே வீட்டில் ஆராய்ந்து வைத்திருந்தார். போலந்தின் லோட்ஸ் நகரத்தில் 1907-இல் ரோட்லெவி என்பவருக்கு எதிராக ரூபின்ஸ்டீன் ஆடிய ஆட்டமும் இதே மாதிரிதான். இரண்டு மந்திரிகளும் கோணத்தில் ராஜாவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ராணியையே கொடுத்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆட்டம் தெரிந்தவருக்கு, தன் இரண்டு மந்திரிகளும் அப்படி நிற்பதைப் பார்த்ததும் பொறி தட்டும். ‘துணிச்சல்’ என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் படிப்பு.

எல்லாக் கொடுப்பும் இப்படித் தாக்குதலில்தான் முடிய வேண்டும் என்றில்லை. 1953-இல் சூரிச் போட்டியில் அமெரிக்காவின் ரெஷெவ்ஸ்கியுடன் ஆடிய டிக்ரான் பெட்ரோசியன் நெருக்கடியில் இருந்தார். எதிராளியின் நடுச் சிப்பாய்கள் முன்னேறக் காத்திருந்தன. அவர் தன் யானையை இ6-இல், எதிராளியின் மந்திரி வெட்டக்கூடிய இடத்தில், தானாகவே கொண்டுபோய் வைத்தார். பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. யானை விலகியதால் இ7 காலியாயிற்று. அதன் வழியாக அவருடைய குதிரை டி5-க்குப் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து அதை எந்தச் சிப்பாயாலும் விரட்ட முடியாது, எதிராளியின் நடுச் சிப்பாய்களும் அதைத் தாண்டி நகர முடியாது. யானைக்கு மந்திரி என்று மாற்றிக்கொண்டதில் இரண்டு பாயிண்ட் நஷ்டம். கிடைத்தது ஒரே ஒரு கட்டம். தோற்க வேண்டிய ஆட்டம் டிராவாயிற்று. பத்து வருஷம் கழித்து, 1963-இல், அதே பெட்ரோசியன் உலகச் சாம்பியன் ஆனார்.

கொடுத்து ஆடுவது தவறிப் போவதும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். 1960-இல் மிகயில் தால் என்ற 23 வயதுப் பையன் போட்வின்னிக்கை வென்று உலகச் சாம்பியன் ஆனார். அந்தப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் அவர் ஒரு குதிரையைத் தூக்கிக் கொடுத்தார். அரங்கத்தில் எழுந்த சத்தத்தில் ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்ற வேண்டி வந்தது. தால் ஜெயித்தார். பிறகு நிதானமாக ஆராய்ந்தவர்கள், போட்வின்னிக் சரியாக ஆடியிருந்தால் அந்தக் குதிரை வீண் என்று காட்டினார்கள். கடிகாரம் ஓடும்போது அந்தச் சரியான பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷமே மறுபோட்டியில் தால் பட்டத்தை இழந்தார்.

அந்தத் தாலுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன், 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் முன்னின்று தொடங்கிய செஸ் கிளப்புக்குத் தாலின் பெயரைத்தான் வைத்தார்கள். சின்னப் பையனாக ஆனந்த் போய் ஆடிக் கற்றுக்கொண்ட இடம் அது. அந்தப் பையன்தான் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனாரே, அந்த வரிசை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து, தோற்பதற்கு இடம் கொடுத்து ஆடிய ஒரு சாதாரண கிளப்பும் அதில் ஒரு கண்ணி.

சரி, எப்போது கொடுக்கலாம்? பிள்ளைகளுக்கு மூன்று கேள்வி சொல்கிறேன். காயை விடுவதற்கு முன் மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, எனக்கு என்ன கிடைக்கிறது? ‘நல்லா இருக்கும்’ என்பது பதில் ஆகாது. ‘ஜி வரிசை திறக்கும்’, ‘அவன் ராஜா கோட்டை கட்ட முடியாது’, ‘என் குதிரைக்கு டி5 கிடைக்கும்’ என்று விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, அது எத்தனை நாள் நிற்கும்? இரண்டு நகர்த்தலில் எதிராளி சரி செய்துவிடக்கூடிய லாபம் என்றால் யானையைக் கொடுக்காதீர்கள். பெட்ரோசியனின் குதிரை மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்றால் யோசிக்கலாம்.

மூன்றாவது, அவன் வாங்கியதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துத் தப்பித்துவிடுவானா? நல்ல ஆட்டக்காரர்கள் இப்படித்தான் தப்பிப்பார்கள். வாங்கிய யானையைச் சரியான நேரத்தில் திருப்பிக் கொடுத்துத் தாக்குதலை நிறுத்திவிடுவார்கள். கடன் வாங்கியவர் தவணைக்கு முன்பே கட்டிவிட்டால் நமக்கு வட்டி கிடையாது!

மூன்றுக்கும் பதில் இருந்தால் கொடுங்கள். பிறகும் தோற்கலாம். பரவாயில்லை. ஏன் கொடுத்தேன் என்று சொல்லத் தெரிந்து தோற்ற பிள்ளை, அடுத்த ஆட்டத்துக்கு ஒரு படி மேலே போய்விட்டது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டம் நடக்கும்போது பின்னால் நின்று “விட்டுட்டியே” என்று சொல்லாதீர்கள். முடிந்த பிறகு, “அந்த யானையை எதுக்குக் கொடுத்தே?” என்று கேளுங்கள். கோபமாக இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேளுங்கள். பிள்ளை பலகையைத் திரும்ப அடுக்கி உங்களுக்குப் பாடம் எடுக்கும். உங்களுக்குச் செஸ் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, அது விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15 போட்டியில் பாயிண்ட் எண்ணி வெற்றி சொல்லும் விதியை எடுத்துவிடுவோம். அதற்குப் பதில் கடிகாரம் வைப்போம். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், ஆக மொத்தம் அதே முப்பது நிமிடம்தான். நேரம் தீர்ந்தவர் தோற்றவர். எதிராளியிடம் மேட் செய்யவே வழியில்லாதபடி காய்கள் குறைந்திருந்தால் டிரா. உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள். செஸ் கடிகாரம் வாங்கப் பணம் ஒதுக்கக்கூட வேண்டாம். செல்போனிலேயே இலவசமாக அந்தச் செயலி கிடைக்கிறது. ஒரு பலகைக்கு ஒரு போன் போதும். அன்றைக்கு ஒரு மணி நேரம் போனைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவும் ஒரு நல்ல சாக்ரிஃபைஸ்தான்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எழுத்துமூலம் கொடுக்கப்போகிறேன். சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்துப் போடலாம். சம்மதம் இல்லாதவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் இதே கூடத்துக்கு வாருங்கள், ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டே பேசுவோம். கருப்புக் காயை நான் எடுத்துக்கொள்கிறேன்.